தக்கைக்கு மூன்று பூச்சு

தாராவி
14.6.2025

அப்பாவுக்கு,

மாரி எழுதுகிறேன். நலம், நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் இங்கே எப்படி இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கே எப்படி இருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஜெயில் போனில் பேசினால் உங்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை என்று வக்கீல் சொன்னார். எஞ்சின் மேலேயே தலையை வைத்துக் கிடந்த காது, எப்படிக் கேட்கும்? முலாக்காத்து நாளில் நேரில் பார்க்க வரலாம் என்றால் பேராச்சி அத்தை விடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள். இருந்தாலும் மருமகள் நான் எங்கேயும் போகவில்லை, பேத்தியும் கூடவே இருக்கிறாள் என்ற ஒன்றில்தான் எழுந்து நடமாடுகிறாள். அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவளை மீறி உங்களைப் பார்க்க வர எனக்கு மனசு வரவில்லை.

போலீஸ் எழுதியிருப்பதை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். தேவ்நாரில் சேட்டின் ஷெட்டில், நூறு வருஷத்துக்கு மேல் பழைய கார். அதற்குக் கார்புரேட்டர் செய்து பொருத்திய மெக்கானிக் தளவாய், அது பெட்ரோல் ஒழுகுவது தெரிந்திருந்தும் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தார். தீப்பிடித்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய மருமகன் வேல்ராஜ் தீயில் வெந்து, பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உங்கள் வாயில் பீடி இருந்ததைப் பார்த்தேன் என்று வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெரிந்தே செய்தது என்று பெரிய செக்‌ஷனாகப் போட்டுவிட்டதால் ஜாமீன் கிடைப்பது கஷ்டமாம்.

அவர் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் உங்களைப் பற்றி நினைக்கவே இல்லை. இப்போது அதைத்தவிர வேறு நினைப்பு இல்லை. சோற்றில் கை வைத்தால் அதுதான், பாப்பா தலையை வாரினால் அதுதான். அத்தை யாரிடமும் கத்துவதில்லை. ஆனால் பாப்பா 'தாத்தா எங்கே' என்று கேட்ட அன்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்: “எம் பிள்ளைய எரிச்ச கை எதுவோ, அந்தக் கை இந்தப் பிள்ளையத் தொடப்புடாது. அம்புட்டுத்தான்.”

எனக்கு ஒரே கேள்விதான். பற்றவைத்தீர்களா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

மாரீஸ்வரி


ஜெயில்
2.7.2025

அன்பு மகள் மாரிக்கு,

அப்பா எழுதுவது. கடிதம் கையில் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் ஒருவர்தான். அவருக்கு டியூட்டி இல்லாத நாளில் தமிழ்க் கடிதம் எல்லாம் பெட்டியிலேயே கிடக்கும். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

இல்லை. பற்றவைக்கவில்லை.

நீ கேட்டதற்குக் கோபம் இல்லை. கேட்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆறியிருக்காது. என் வாயில் பீடி இருந்தது நிஜம். அது எப்போதும் இருக்கும். வேலை முடிகிறவரைக்கும் பற்றவைக்காமல் கடித்துக்கொண்டே இருப்பேன். எஞ்சின் எடுத்து, ஒரே சீராக ஓடின பிறகுதான் வெளியே போய்ப் பற்றவைப்பேன். தாராவியில் என்னோடு வேலை பார்த்தவனுக்கெல்லாம் இது தெரியும். வார்ப்புப் பட்டறை ஹாதியைக் கேள், சிரிப்பான். என்னிடம் தீப்பெட்டியே கிடையாது. அதை நம்ம மருமகன் பையில்தான் வைத்திருப்பான். நான் கையை நீட்டினால், “எஞ்சின் எடுத்துருச்சா மாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பான். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே போய்விட்டது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் வண்டி அருமையாக ஓடியது. ஷெட்டைச் சுற்றி அவனே ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, பெட்ரோல் டாங்கியின் குழாயை மூடிவிட்டு வந்தான். காலையில் சேட் விருந்தாளிகளைக் கூட்டி வருகிறார் என்று சீக்கிரமே போனோம். குழாயைத் திறந்தேன். முன்னால் நின்று கைப்பிடியை நான்தான் சுற்றினேன். எப்போதும் இரண்டு சுற்றில் எடுப்பது, அன்று எடுக்கவில்லை. அடுத்த சுற்றில் தும்மியது. காற்று போகிற வழியாகவே நெருப்பு திரும்பி வரும், அதைத்தான் நான் தும்மல் என்பேன். எல்லாப் பழைய எஞ்சினும் தும்மும். தும்மினால் ஒன்றும் ஆகாது, கீழே பெட்ரோல் நிற்காமல் இருந்தால். அன்று நின்றிருக்கிறது. மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிந்து, வண்டிக்கு அடியில் இருந்த தட்டும் நிறைந்து கிடந்திருக்கிறது. முன்பக்கம் நின்ற எனக்குத் தெரியவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து தீ எழுந்தது. அவன் காலை வெளியே எடுப்பதற்குள், விருந்தாளிகளுக்காகச் சேட் போடச் சொன்ன அந்த நைலான் டிரஸ் பிடித்துக்கொண்டது. நான் இழுத்தேன் மாரி. கையோடு துணிதான் வந்தது.

ஏன் வழிந்தது என்றுதான் தெரியவில்லை. கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏற வேண்டும், மிதவை ஏறினால் ஊசி போய்க் குழாயை அடைக்க வேண்டும். அத்தனை நாள் அடைத்தது. அன்றைக்கு ஏன் அடைக்கவில்லை? படுத்தால் இதேதான். கார்புரேட்டர் உருகிப் போய்விட்டது, பார்ப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை.

கையெழுத்து கோணலாக இருக்கும். விரல் இன்னும் மடங்கவில்லை.

உன் அப்பா
தளவாய்


தாராவி
27.7.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளை எடுத்தேன். அதுவரை திறக்க மனசு வரவில்லை. வழக்கமாக வேலைக்குப் போடுகிற காக்கிச் சட்டையின் பையில் தீப்பெட்டி இருந்தது. பாதிக்கு மேல் குச்சி அப்படியே இருக்கிறது. அன்று சேட் கொடுத்த வெள்ளை டிரஸ், பித்தளைப் பொத்தான் எல்லாம் வைத்தது, அதைத்தானே போட்டுக்கொண்டு போனார். பழைய சட்டையில் இருந்த தீப்பெட்டியை மாற்றி வைக்க மறந்திருக்கிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, “பேண்டு வாசிக்கவன் மாதிரி இருக்கேனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் நான் அவரோடு ஒழுங்காகப் பேசின கடைசிப் பேச்சு.

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுகை வந்தது. உங்களைக் கேட்டிருக்கவே கூடாது. அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், வேலை இருக்கிறது.

வக்கீலிடம் தீப்பெட்டியைச் சொன்னேன். பெண்டாட்டியும் மகளுமாக ஒருத்தியே சொன்னால் கோர்ட் எடுத்துக்கொள்ளாது என்றார். தீ வேறு எதனாலோ பிடித்தது என்று காட்ட முடிந்தால்தான் வழி உண்டாம். நான் நேரே அப்துல் ஹாதி மாமா பட்டறைக்குப் போனேன். அதே மாதிரி இன்னொரு கார்புரேட்டர் செய்ய வேண்டும் என்றேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “எதுக்கு புள்ள? எரிஞ்சது போதாதா?” என்றார். ஏன் வழிந்தது என்று பார்க்க வேண்டும் என்றதும், மரப் பெட்டியைத் துழாவி, அந்த மூன்றாவது கார்புரேட்டருக்குச் செய்த அச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார் பாருங்கள்.

நானும் அவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். வண்டி வந்தபோது கார்புரேட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. படம்கூட இல்லை. நீங்களாக யோசித்து முதலில் ஒரு தகர டப்பாவும் திரியும் வைத்துச் செய்தீர்கள், எஞ்சின் இருமியதோடு சரி. இரண்டாவதில் பெட்ரோல் பீச்சுகிற ஜெட்டின் ஓட்டை பெரிதாகி ஷெட் முழுக்கக் கரும்புகை. மூன்றாவதுதான் மிதவைக் கிண்ணம் வைத்தது. மிதவையைப் பித்தளையில் செய்வோம் என்று ஹாதி மாமா சொன்னார். அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் காலத்துச் சாமான்தான் இருக்க வேண்டும், தக்கையில்தான் மிதவை என்று சேட் பிடிவாதம் பிடித்தார். தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்துப் போகுமே, மேலே என்ன பூசுவது என்று நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, நான் பூசித் தருகிறேன் என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனேன். ஞாபகம் இருக்கிறதா? ஆர்மோனியக் கடையில் இத்தனை வருஷமாகப் பாலிஷ் போடுகிறேன், இந்தத் தக்கைக்குப் போடமாட்டேனா?

அதே மாதிரி இதற்கும் போட்டுவிட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறப்போட்டேன், காலையில் தேனாகக் கரைந்திருந்தது. மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பழைய ஆர்மோனியத்தில் இந்தப் பாலிஷை எடுக்க வேண்டுமென்றால் ஸ்பிரிட் போட்டுத்தான் எடுக்க முடியும், தண்ணீரோ எண்ணெயோ பெட்ரோலோ ஒன்றும் செய்யாது. அப்படி உட்காரும். போன தடவை நான் இதைப் பூசிக்கொண்டிருந்தபோது அவர் உங்களிடம், “உங்க மக காருக்கும் ஆர்மோனியத்துக்கும் வித்தியாசம் தெரியாம பூசுதா மாமா. நாளைக்கு வண்டி பாடப் போவுது” என்று சொன்னார். இந்தத் தடவை பூசும்போது யாரும் கேலி செய்யவில்லை.

அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். கை வலித்தால் கொஞ்சமாக எழுதுங்கள்.

உங்கள் மகள்
மாரி


ஜெயில்
15.8.2025

என் தங்க மகள் மாரிக்கு,

இன்று சுதந்திர தினம் என்று லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே, மடிப்பில் கிழிந்துவிட்டது. தீப்பெட்டி சங்கதியைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். அந்தப் பயல் மறந்துவைத்துவிட்டுப் போனது என்னைக் காப்பாற்றவா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஹாதியிடம் சொல். முதலில் ஊசியின் நுனியைப் பார்க்கட்டும், அது உட்காருகிற இடத்தில் பிசிறு இருந்தால் பெட்ரோல் கசியும். பிறகு காற்று மூடியின் ஸ்பிரிங். அது இறுகினால் தும்மல் கூடும். ஜெட்டை நான் ஊதிப் பார்த்துத்தான் போடுவேன், அவன் அவசரப்படுவான், அவனை அவசரப்பட விடாதே. குர்லா பழைய சாமான் மார்க்கெட்டில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஏதாவது கிடைக்கும், அதில் மாட்டி ஓட்டுங்கள். வாளியில் மணல் வைத்துக்கொள்ளுங்கள். நீ துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள். இல்லையென்றால் பக்கத்தில் நிற்காதே.

ஜாமீன் மனு இந்தக் கோர்ட் தாரீக்கிலும் தள்ளுபடி. வக்கீல் மேலே போகலாம் என்கிறார். எனக்கு முன்னைப்போல் சோர்வு இல்லை. வெளியே நீயும் ஹாதியும் எஞ்சினைச் சுற்றுகிறீர்கள் என்று நினைத்தாலே நேரம் போய்விடுகிறது. கைதிகளை அடைக்கிற பேரக்கில் எனக்குப் பக்கத்தில் படுக்கிற ஆட்டோக்காரப் பையன், அஸாருதீன் என்று பேர், அவனிடம் கார்புரேட்டர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அவன் இப்போது வருகிற பெட்ரோலைத் திட்டித் தீர்க்கிறான். பம்ப் பெட்ரோலில் கரும்பிலிருந்து எடுக்கிற ஸ்பிரிட்டை நிறையக் கலக்கிறார்களாம். அவன் பழைய ஆட்டோவில் ரப்பர் வாஷர், ரப்பர் குழாய் எல்லாம் ஊதிப்போய்விட்டதாம். நம்ம வண்டியில் ரப்பர் ஏது, எல்லாம் தோல் வாஷர்தானே என்றேன். அவனுக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

பேராச்சியைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் இடத்தில் நான் இருந்தால் அதைவிட மோசமாகப் பேசியிருப்பேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? நான் வரும்போது ஆடிக்கொண்டிருந்தது.

உன் அப்பா
தளவாய்


தாராவி
9.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பல் விழுந்தாயிற்று. கூரைமேல் எறிய வேண்டும் என்று அடம். மூன்றாம் மாடிக்கு மேலே கூரைக்கு எங்கே போவது? பக்கத்துக் கோலி வீட்டின் தகரக் கூரையில் எறிந்துவிட்டு வந்தோம்.

உங்களுக்கு நல்ல செய்தி. எஞ்சின் ஓடுகிறது. குர்லாவில் ஹாதி மாமா ஒரு பழைய போட் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வந்து, பட்டறைக்குப் பின்னால் கட்டை அடித்து உட்கார வைத்துவிட்டார். நீங்கள் சொன்னபடி ஊசி நுனியைத் தேய்த்து, ஜெட்டை ஊதிப் பார்த்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி மாட்டினோம். முதல் நாள் எடுக்கவில்லை. மாமா கைப்பிடியை உதைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் சுற்றினேன், எடுத்துக்கொண்டது. மாமா டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். சந்தோஷப்பட வேண்டுமா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் வழியவில்லை அப்பா. எப்படிப் பார்த்தாலும் வழியவில்லை. வேண்டுமென்றே தும்ம வைத்தோம், ஆட்டிப் பார்த்தோம், பெட்ரோலோடு ராத்திரி விட்டுவைத்துக் காலையில் திறந்தோம். மிதவை நெட்டாக நிற்கிறது. மேலே என் பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது. சேட் ஷெட்டுக்கு வாங்கிக் கொடுத்த அந்த விலை கூடின பெட்ரோல், கலப்பு இல்லாதது, அதில் ஒரு கேன் ஹாதி மாமாவிடம் மிச்சம் இருந்தது. அதைத்தான் ஊற்றுகிறோம். அதனால் எல்லாம் அப்படியே பழையபடிதான்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. எல்லாமே பழையபடி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்தார். கேன் தீர்ந்துபோச்சு, பக்கத்துப் பம்பில் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வர நேரமாகும் என்றார். அத்தனை நாளும் ஓட்டியது கேன் பெட்ரோலில், அன்று ஒரு நாள்தான் பம்ப் பெட்ரோல். உங்களுக்கு இது தெரியுமா? அவர் சொல்லியிருக்கமாட்டார், எல்லாப் பெட்ரோலும் ஒன்று என்றுதான் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருந்த ரப்பர் சமாசாரமும் நமக்கு இல்லை. இருந்தாலும் அதையும் பார்த்துவிடுவோம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் பட்டறையில் அவசர வார்ப்பு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பம்ப் பெட்ரோல் ஊற்றி, அவர் விட்டுவைத்த மாதிரியே ராத்திரி விட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து பார்க்கப் போகிறோம். இதிலும் ஒன்றும் இல்லையென்றால் பிறகு என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பேராச்சி அத்தை நான் பட்டறைக்குப் போவதைத் தடுப்பதில்லை. நேற்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, “அப்ப உங்கப்பன் இல்லைன்னா வேற யாருளா?” என்று கேட்டாள். தெரியவில்லை அத்தை, அதைத்தான் தேடுகிறோம் என்றேன். “யாரா வேணா இருக்கட்டும். தெரிஞ்சா எங்கிட்ட முதல்ல சொல்லு. நாஞ் சொன்னது சொன்னதுதான்.” அவள் சொன்னபோது பாப்பா என் கையைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ அத்தை உங்களை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று தோன்றுகிறது. நீங்கள் வெளியே வந்தால் அவள் கையால் ஒரு வாய்ச் சோறு கிடைக்கும்.

உங்கள் மகள்
மாரி


ஜெயில்
16.9.2025

மாரி,

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. உடனே எழுதுகிறேன். அந்தச் சோதனையைச் செய்யாதே. பெட்ரோல் ஊற்றாதே. கார்புரேட்டரைக் கழற்றி ஹாதியிடம் உருக்கக் கொடுத்துவிடு. தக்கையைச் சாக்கடையில் போடு. வார்டர் சாரிடம் கெஞ்சி இதை இன்றைக்கே அனுப்பச் சொல்லப்போகிறேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். பீடியைப் பற்றவைத்தேன்.

வண்டி எடுக்கவில்லை, விருந்தாளிகள் வரப்போகிறார்கள். வாட்ச்மேனிடம் தீப்பெட்டி வாங்கிப் பற்றவைத்தேன். கீழே ஈரம் இருந்ததையும் பார்த்தேன். குச்சியை அணைக்காமல் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். போலீஸ் எழுதியிருப்பது எல்லாம் சரி. முதல் கடிதத்தில் உன் கேள்வியைப் பார்த்ததும் பயந்துபோய் இல்லை என்று எழுதிவிட்டேன். பிறகு நீ என்னை நம்பி, ஹாதியையும் கூட்டிக்கொண்டு பாடுபட ஆரம்பித்துவிட்டாய். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் ஊசியைப் பார், ஸ்பிரிங்கைப் பார் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் வழிந்ததும் என் தப்புதான். முந்தின நாள் ஊசியைக் கழற்றித் துடைத்தேன், சரியாக உட்கார வைக்கவில்லை. அது தவிர வேறு காரணம் கிடையாது. தக்கை நல்ல தக்கை. பூச்சு நல்ல பூச்சு, அதில் ஒரு குறையும் இல்லை. உன் கைவேலையை நான் குறை சொல்ல முடியுமா? இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். நான் மெக்கானிக், எனக்குத் தெரியாததா? அந்த ஆட்டோக்காரப் பையன் சொன்னதையெல்லாம் எழுதினேன் இல்லையா, அதை மறந்துவிடு. அவன் சும்மா அளக்கிறவன்.

வக்கீலிடம் நாளைக்கே சொல்லிவிடுவேன். அடுத்த தாரீக்கில் ஜட்ஜிடமும் என் வாயாலேயே ஒத்துக்கொள்வேன். மேலே ஜாமீனுக்குப் போக வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பேராச்சிக்குப் படித்துக் காட்டு. முழுவதையும் படித்துக் காட்டு. அவள் என்னைத் திட்டினால் நீயும் சேர்ந்து திட்டு.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சாப்பாடு வருகிறது, படுக்க இடம் இருக்கிறது, எனக்கு வயசும் ஆகிவிட்டது. பாப்பாவை நீதான் குளிப்பாட்ட வேண்டும், நீதான் தலை வார வேண்டும். அவள் உன் கையில் தலை வைத்துத்தான் தூங்க வேண்டும். எனக்கு அது போதும்.

தளவாய்


தாராவி
12.10.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ரொம்பத் தாமதம். தமிழ் தெரிந்த வார்டருக்கு லீவு போலிருக்கிறது.

செய்யாதே என்று நீங்கள் எழுதியது வருவதற்குள் செய்துவிட்டோம். சனிக்கிழமை நானே பம்புக்குப் போய் வாங்கிவந்து ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஹாதி மாமா விடியற்காலை பஜ்ர் தொழுகை முடித்து வருவதற்குள் நான் போய்க் கிண்ணத்தைத் திறந்தேன். மாமா வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை மாமா, எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. கார்புரேட்டரை அவரே உருக்கிவிட்டார். தக்கையை நான் கொண்டுபோய் நாலாச் சாக்கடையில் போட்டேன். அது மிதக்கவில்லை.

தக்கையைத் தொட்ட விரல்தான் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்தது. சோப்புப் போட்டேன், போகவில்லை. அதை எதைப் போட்டு எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஸ்பிரிட் பாட்டிலை இப்போது என்னால் திறக்க முடியவில்லை. ஆர்மோனியக் கடை வேலையையும் விட்டுவிட்டேன். வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். நெருளில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் கடிதம் வருகிறவரை அத்தையிடம் எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். பாப்பா பக்கத்தில் இருப்பாள், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு சொல்லலாம் என்பேன். போன பிறகு, வந்து ஒருமுறை சாப்பிடட்டும் என்பேன். அப்படியே நாள் போனது. பிறகு இது வந்தது.

நீங்கள் சொன்னபடி முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்து விடவில்லை. அத்தை உங்களைத் திட்டவில்லை. உங்கள் பேரைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கை இரண்டையும் எடுத்து அவள் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். “அவன் செஞ்சதுக்கு நீ என்ன செய்வ தாயி. எம் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் தண்ணி குடுத்த கைலா இது” என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை அப்பா. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால், நம்பிவிட்டேன். பீடி நீங்கள்தான் பற்றவைத்தீர்கள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன், வக்கீலிடமும் சொல்லிவிட்டேன். பாப்பா கேட்டால் அவளிடமும் அப்படித்தான் சொல்வேன். தாத்தாவை அவளுக்குப் பிடிக்காமல் போகும். நீங்கள் கேட்டது இதுதானே?

அவர் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிறேன். காக்கிச் சட்டையில் இருந்த அந்தத் தீப்பெட்டியைத்தான் எடுத்தேன். போன செவ்வாய்க்கிழமையோடு குச்சி தீர்ந்துவிட்டது. பெட்டியையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாளில் குளிர் வந்துவிடும். ஒரு போர்வையும் இரண்டு பனியனும் வக்கீலிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். நான் முலாக்காத்துக்கு வரமாட்டேன், தாரீக்குக்கும் வரமாட்டேன். இனிமேல் எழுதவும் மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். எழுத உட்கார்ந்தால் இந்தக் கை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
வேல்ராஜ் மனைவி
மாரீஸ்வரி